சாவு வீட்டைவிட சாலைக்குத்தான் பயப்பட வேண்டும்

கேள்வி: டாக்டர், எங்கள் மகனுக்கு இரண்டே கால் வயது. என் கணவரைச் சிறு வயதிலிருந்து வளர்த்த பெரியம்மா பல மாதங்களாகப் படுக்கையில் இருக்கிறார். இனி நாட்கள்தான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். எந்த நேரமும் போன் வரலாம். அவர் இருக்கும் ஊர் இங்கிருந்து 480 கிலோமீட்டர். காரில் போக ஒன்பது மணி நேரம் ஆகும். தகவல் வந்தால் இரவோடு இரவாகக் கிளம்பிவிடலாம், பையனும் தூங்கிக்கொண்டே வந்துவிடுவான் என்கிறார் கணவர். கிளம்பும் முன் ஒரு மூடி சளி மருந்து கொடுத்துவிட்டால் தொந்தரவே இருக்காது என்கிறார் நாத்தனார். என் அம்மாவோ, பச்சைக் குழந்தையைச் சாவு வீட்டுக்குக் கொண்டுபோனால் பயந்துவிடுவான், என்னிடம் விட்டுவிட்டுப் போ என்கிறார். ஆனால் பையன் இதுவரை ஒரு இரவுகூட எங்களைப் பிரிந்து இருந்ததில்லை. கார் சீட் வைத்திருக்கிறோம். ரொம்ப அழுதால் மடியில் எடுத்துக்கொள்வேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், நெடுந்தூரம் ஓட்டியதில்லை. அவனை அழைத்துப் போகலாமா? அவனிடம் என்ன சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழைத்துப் போங்கள். இரவில் கிளம்பாதீர்கள், மருந்து கொடுக்காதீர்கள், ஓடுகிற காரில் குழந்தையை மடியில் எடுக்கவே எடுக்காதீர்கள். இனி காரணங்கள்.

உங்கள் அம்மாவின் கவலையிலிருந்து தொடங்குவோம். செத்தவர் திரும்பி வரமாட்டார், அவர் உடம்பு இனி இயங்காது, எல்லாருக்கும் ஒருநாள் இது வரும் என்பதெல்லாம் சேர்ந்து ஒரு குழந்தைக்குப் புரிவதற்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு வயதாகிவிடும். ஹங்கேரியைச் சேர்ந்த உளவியலாளர் மரியா நாகி, 3 முதல் 10 வயதுவரையிலான குழந்தைகளைப் பேசவைத்தும் எழுதவைத்தும் வரையவைத்தும் ஆராய்ந்து 1948-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் சாவை ஒருவகைத் தூக்கமாகவோ, எங்கோ புறப்பட்டுப் போனதாகவோதான் நினைக்கிறார்கள் என்பது அவர் கண்டது. உங்கள் மகனோ அந்த ஆய்வில் இருந்த கடைக்குட்டியைவிடவும் சின்னவன். பெரியம்மாவின் உடலைப் பார்த்தால் ஒரு பாட்டி படுத்திருக்கிறார் என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

அப்படியானால் அங்கே அவனைக் கலங்கவைப்பது எது? உங்கள் முகம்தான். புரியாத இடத்துக்கு வந்த இரண்டு வயதுக் குழந்தை முதலில் திரும்பிப் பார்ப்பது அம்மாவையும் அப்பாவையும். அந்த முகங்கள் வழக்கம்போல இல்லை, யார் யாரோ தூக்குகிறார்கள், சாப்பாடும் தூக்கமும் நேரம் தவறிப்போகின்றன என்றால் எந்த வீடாக இருந்தாலும் அழுவான். கல்யாண வீட்டிலும் அழுவான்.

பழகிய பாட்டியிடம் விட்டுப் போவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். பாட்டி வீட்டில் தங்கிப் பழகிய குழந்தையாக இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவும் அப்பாவும் அழுதுகொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போய், இரண்டு மூன்று இரவுகள் திரும்பாமல் இருப்பது இந்த வயதில் கடினமானது. உங்களோடு சாவு வீட்டில் இருப்பது அதைவிடச் சுலபம். கிளம்பும் நாளில் அவனுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது நீங்களும் அவனும் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். யாரும் ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சரி, இப்போது நான் உண்மையில் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் குத்தியது 'இரவோடு இரவாக' என்ற வரிதான். கணவர் காலை 6 மணிக்கு எழுந்தவர் என்று வையுங்கள். இரவு 9 மணிக்குப் போன் வருகிறது, 10 மணிக்குக் கிளம்புகிறீர்கள். 11 மணி ஆகும்போது அவர் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கிறார். காலை 7 மணிக்குப் போய்ச் சேரும்போது 25 மணி நேரம்.

ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. 17 மணி நேரம் விழித்திருந்த ஒருவரின் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. பல நாடுகளில் அதற்கு மேல் போனால் வண்டி ஓட்டுவது குற்றம். 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய 0.10 சதவீதம். அதாவது உங்கள் கணவர் ஒரு சொட்டு குடிக்காமலேயே, விடியும் நேரத்தில் குடித்தவர்போல ஓட்டிக்கொண்டிருப்பார். உடம்புக்குத் தூக்கம் மிக அதிகமாக அழுத்துவதும் அதிகாலை 2 முதல் 6 மணிவரைதான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் சொருகினால் கார் 100 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

இதோடு அவர் மனநிலையையும் சேர்த்துப் பாருங்கள். தன்னை வளர்த்தவரை இழந்தவர். கண் முன்னால் சாலை இருக்கும், மனம் எங்கோ இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது போனில் "எங்க வந்துட்டு இருக்கீங்க?" என்று கேட்பார்கள். குழந்தை அழும். நல்ல ஓட்டுநர், இருபது வருஷ அனுபவம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் கைகொடுக்காது.

ஆகவே தகவல் எப்போது வந்தாலும் கிளம்புவது விடியும்போதுதான் என்று இப்போதே பேசி முடிவெடுங்கள். அந்த இரவில் அவருக்குச் சரியாகத் தூக்கம் வராது. இருட்டில் படுத்துக் கண்ணை மூடிய நான்கு மணி நேரமும் ஏதோ கொஞ்சம் உதவும். பையன் தூங்கிக்கொண்டே வருவான் என்று அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. விடியற்காலையில் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்தால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் தூங்குவான், மதியம் மறுபடி ஒரு தூக்கம் போடுவான். அந்த லாபம் பகலிலும் கிடைக்கும்.

அங்கே இருப்பவர்களால் நீங்கள் வரும்வரை காத்திருக்க முடியாது என்றால்? அப்போது கணவர் மட்டும் முன்னால் போகட்டும். வேறு யாராவது ஓட்டுகிற வண்டியில், அல்லது பஸ்ஸிலோ ரயிலிலோ. நீங்களும் குழந்தையும் ஒரு துணையோடு பகலில் பின்னால் போகலாம். கணவர் நேரத்துக்குப் போய்ச் சேர்வது ஒரு வேலை, குழந்தை பத்திரமாகப் போய்ச் சேர்வது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே காரில் திணிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பாலான குடும்பங்கள் இதை யோசிப்பதே இல்லை. எல்லாரும் சேர்ந்து போனால்தான் மரியாதை என்று நினைத்துவிடுகிறார்கள்.

வழியில் அவர் கொட்டாவி விட்டாலோ, கடந்து வந்த ஐந்து கிலோமீட்டர் நினைவில் இல்லை என்றாலோ நிறுத்திவிடுங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் பயன் தராது. ஒரு காப்பி குடித்துவிட்டு, அது வேலை செய்ய எடுக்கும் அரைமணி நேரத்துக்குள் பதினைந்து இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குவது ஓரளவு கைகொடுக்கும். அதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான். அவருடைய போன் உங்கள் கையில், ஒலி நிறுத்தப்பட்டு இருக்கட்டும். நீங்கள் பேசுங்கள்.

நாத்தனார் சொன்ன மருந்து. அவர் அன்பில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகள் மூளையை மந்தப்படுத்தித்தான் அதைச் செய்கின்றன. கூடவே மூச்சையும் மந்தப்படுத்தலாம். அந்த வகையைச் சேர்ந்த புரோமெத்தசினை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் மருந்தின் மேலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. மூச்சு அடங்கி இறந்த குழந்தைகள்தான் அதற்குக் காரணம். உங்கள் மகன் அந்த எல்லையைத் தாண்டி மூன்று மாதம்தான் ஆகிறது. அதோடு சில குழந்தைகளுக்கு இந்த மருந்து நேர் எதிராக வேலை செய்யும்: தூங்குவதற்குப் பதில் கத்திக்கொண்டு, நிலைகொள்ளாமல் துள்ளுவார்கள். ஒன்பது மணி நேரப் பயணத்தில் அதை யோசித்துப் பாருங்கள்! காரில் போனால் வாந்தி எடுக்கும் குழந்தை என்றால் அதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம். டாக்டர் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார் என்று பழியை என் தலையில் போட்டுவிடுங்கள்.

மடி விஷயம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்கள்மேல் அவர்கள் எடையைப் போல 14 மடங்கு விசை விழுகிறது. 12 கிலோ குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்துவைக்க 170 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். யாருக்கும் அது கிடையாது. நெடுஞ்சாலை வேகத்தில் இன்னும் மோசம். நீங்களும் பெல்ட் போடாமல் இருந்தால், அவனை நசுக்குவது உங்கள் உடம்பாகவே இருக்கும்.

கார் சீட் பின் இருக்கையில் இருக்கவேண்டும். உங்கள் சீட்டைப் பின்பக்கம் பார்த்து மாட்ட முடியும் என்றால், அதன்மேல் எழுதியிருக்கும் எடை, உயர வரம்பைத் தாண்டும்வரை அப்படியே மாட்டுங்கள். இந்த வயதில் தலை உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு; கழுத்து அதைத் தாங்கும் அளவுக்கு இன்னும் உறுதிப்படவில்லை. பின்பக்கம் பார்த்திருந்தால் மோதலின் வேகத்தை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். தோள்பட்டைப் பக்கம் பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் இறுக்கவேண்டும்.

அழுவான், தெரியும். அழுதால் காரை ஓரம் கட்டி நிறுத்தி, அப்புறம் எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்தி இருபது நிமிடம் ஓடவிட்டால் அழுகை பாதியாகக் குறையும். ஒன்பது மணி நேரப் பயணம் பத்தரை மணி நேரமாவது ஆகும். அதை முன்பே ஏற்றுக்கொண்டு எல்லாரிடமும் அந்த நேரத்தையே சொல்லுங்கள், அவசரம் தானாகக் குறையும். சாப்பிடக் கொடுப்பதும் நிறுத்தும்போதுதான். வண்டி ஓடும்போது தொண்டையில் சிக்கினால் முன்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. போனில் படம் காட்டுவது வேறு வழியில்லாத நேரத்துக்கு மட்டும். காது ஆடுகிறது என்கும், கண் ஆடவில்லை என்கும், அந்தக் குழப்பத்தில் வாந்தி வரும்.

போய்ச் சேரும் அந்த நிமிடத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கார் நிற்கும். உறவினர்கள் ஓடி வருவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், உங்களை உள்ளே இழுத்துப் போவார்கள். பையன் தூங்கிக்கொண்டிருப்பான். நீங்கள் அவர் தூக்கிவருவார் என்று நினைப்பீர்கள், அவர் நீங்கள் என்று நினைப்பார். அல்லது யாராவது "பாவம், தூங்கட்டும், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைங்க" என்பார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், ஜன்னல் இடுக்கு வழியாக அது பெரிதாகக் குறைவதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். அதனால் காரிலிருந்து முதலில் இறங்குவது பையன்தான் என்று இருவரும் பேசிவையுங்கள். அவனைத் தோளில் போட்ட பிறகுதான் அழுகை எல்லாம்.

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பெரியம்மா இன்னும் உயிரோடுதானே இருக்கிறார்? இந்த வார இறுதியிலேயே ஒருமுறை போய்வர முடியாதா? பகலில், நிதானமாக. கணவர் அவர் கையைப் பிடித்துச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம். நினைவு தப்பியிருந்தாலும் சொல்லலாம். பையனையும் ஒரு கணம் அவர் பக்கத்தில் உட்காரவைக்கலாம். கடைசியாக முகம் பார்க்கவில்லையே என்ற தவிப்புதான் பலரை நள்ளிரவில் காரை எடுக்கவைக்கிறது. அது தீர்ந்துவிட்டால், தகவல் வரும் இரவில் விடியும்வரை பொறுப்பது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது. உங்களுக்கும் எங்கே நிறுத்துவது, எத்தனை மணி நேரத்தில் பையன் பொறுமை இழக்கிறான் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இனி, அவனிடம் என்ன சொல்வது. குறைவாகச் சொல்லுங்கள், உண்மையைச் சொல்லுங்கள். "பெரிய பாட்டி செத்துட்டாங்க. அவங்களால இனிமே பேச முடியாது, எந்திரிக்க முடியாது. நாம அவங்க வீட்டுக்குப் போறோம். அங்க எல்லாரும் அழுவாங்க. அம்மா உன்கூடவே இருப்பேன்." இவ்வளவு போதும். தூங்குகிறார் என்று சொன்னால் அன்றிரவு தூங்க மறுக்கலாம். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் அடுத்த முறை நீங்கள் ஊருக்குப் போகும்போது பிரச்சினை. செத்துப்போனார் என்பதைக் குழந்தையிடம் சொல்லப் பெரியவர்களுக்குத்தான் நாக்குத் தடுமாறும், அவனுக்கு இல்லை. ஒரு மணி நேரம் கழித்து "பெரிய பாட்டி எங்கே?" என்பான். அதே பதிலை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நாலு நாள் கழித்தும் கேட்பான்.

அப்பா அழுவதைப் பார்த்தால் மிரளக்கூடும். மறைக்கவேண்டாம், விளக்குங்கள்: "அப்பாவுக்கு அழுகையா வருது, பாட்டி இல்லைன்னு. நீ ஒண்ணும் பண்ணல." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்று நினைக்கிற வயது இது. உடலைப் பார்க்கவேண்டும் என்றால் தூக்கிக்கொண்டு ஒரு நிமிடம் காட்டலாம். தொடு, முத்தம் கொடு என்று யாராவது சொன்னால் அவன் முகத்தைப் பாருங்கள். பின்வாங்கினால் நீங்களும் அவனோடு பின்வாங்கிவிடுங்கள். நடுவில் அவன் சிரிப்பான், ஓடுவான், பொம்மை கேட்டுக் கத்துவான். அதில் அவமரியாதை எதுவும் இல்லை, அவன் வயது அது.

அங்கே அவனைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். 'எல்லாரும் இருக்காங்களே' என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். பெரியம்மாவோடு நெருக்கம் இல்லாத, பையனுக்குப் பழகிய ஒருவரை, அவர் உங்கள் தங்கையாகவோ தோழியாகவோ இருக்கலாம், காரில் உடன் அழைத்துப் போங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, மதியத் தூக்கம், சத்தம் இல்லாத ஓர் அறை ஆகியவை அவர் பொறுப்பு.

ஏனென்றால் சாவு வீட்டில் குழந்தைக்கு வரும் நிஜமான ஆபத்து வேறு மாதிரி. பல மாதம் படுக்கையில் இருந்தவர் வீடு அது. கட்டிலுக்குப் பக்கத்தில், மேசையில், தலையணைக்கு அடியில்கூட மாத்திரைகள் கிடக்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள சில மாத்திரைகளில் ஒன்றிரண்டு போதும், இந்த வயதுக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக. வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையைக் கழற்றிய பிறகும் அதில் மருந்து மிச்சம் இருக்கும். கீழே கிடந்த பட்டையைக் குழந்தைகள் வாயில் போட்டோ ஒட்டிக்கொண்டோ இறந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் தனியாக எச்சரிக்கை விட்டது. பாட்டி படுத்திருந்த அறைக்குள் பையன் போகும் முன் யாராவது ஒருவர் எல்லா மருந்தையும் எடுத்துப் பூட்டிவைக்கவேண்டும். போனிலேயே சொல்லிவிடலாம், தவறாக நினைக்கமாட்டார்கள். அப்புறம் திறந்து கிடக்கும் வாசல், பின்பக்கமாக எடுக்கும் வண்டிகள், தண்ணீர் நிரப்பிய வாளி. அரை அடித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் இரண்டு வயதுக் குழந்தையால் தானாக நிமிர முடியாமல் போகலாம், சத்தமும் வராது.

வீடு திரும்பிய பின் இரண்டு மூன்று வாரம் ஒட்டிக்கொண்டே திரியலாம், இரவில் எழலாம், விட்டுவிட்ட பால் பாட்டிலை மறுபடி கேட்கலாம். வழக்கமான நேரத்துக்குச் சாப்பாடு, குளியல், தூக்கம் என்று கொண்டுவந்தால் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் சாப்பிடாமல், விளையாடாமல் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திரும்பி வரும் பயணத்தை யாரும் திட்டமிடுவதில்லை. போகும்போதாவது பதற்றம் கண்ணை விழிக்கவைக்கும். வரும்போது அதுவும் இருக்காது. இரண்டு நாள் தூங்காத உடம்பு, அழுது ஓய்ந்த மனம், திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும் என்ற நெருக்கடி. எல்லாம் முடிந்த அன்றே கிளம்பவேண்டாம். ஒரு முழு இரவு தூங்கிவிட்டு மறுநாள் விடியலில் கிளம்புங்கள். அதற்காக அலுவலகத்தில் ஒருநாள் விடுப்பு கூடுதலாகவே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஓட்டத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எவ்வளவு நல்ல செய்தி! முழுத் தூரமும் வேண்டாம், நடுவில் ஒன்றரை மணி நேரம் நீங்கள் ஓட்டினால் போதும்; அவர் கண்ணை மூடுவார். ஊருக்குக் கிளம்பும் முன் ஏதாவது ஒருநாள் காலை பையனை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு, கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள். இருட்டில் ஓட்டிப் பழக அவசியமில்லை. நீங்கள்தான் இரவில் போகப்போவதில்லையே.